தோட்டம் மூடப்பட்டால் வீடு யாருக்கு?



மலாக்கா நகரின் வடமேற்கே, கடற்கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் பகுதிக்குத் தெங்கேரா என்று பெயர். இது மலாய்ச் சொல் போல ஒலித்தாலும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற பெயர். அவர்கள் மொழியில் அதற்கு அரண், காப்பு வேலி என்று பொருள். நகரத்தைக் காக்க எழுப்பிய வேலியின் பெயரே அங்குக் குடியிருந்த மக்களின் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. 1728-ஆம் ஆண்டில் எழுந்த தெங்கேரா பள்ளிவாசலும், அதன் வளாகத்தில் உள்ள ஜொகூர் சுல்தான் உசேன் ஷாவின் கல்லறையும் இப்பகுதியின் பழமைக்குச் சான்றுகள்.

தெங்கேராவுக்குப் பக்கத்திலேயே காஜா பெராங் சாலையில் கம்போங் செட்டி இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிகத்துக்காக வந்து, இந்த மண்ணிலேயே மணம் செய்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய வீட்டு மொழி மலாயாக மாறி நெடுங்காலமாகிவிட்டது. உடையும் உணவும் மாறிவிட்டன. ஆனாலும் அவர்களுடைய வழிபாடும் பொங்கலும் மாறவில்லை. டச்சுக்காரர் ஆட்சியில், 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் விளக்கோடு இருக்கிறது. மொழியை இழந்த ஒரு சமூகம் தன் அடையாளத்தை இழக்காமல் இருந்தது எப்படி? அதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றுள் ஒன்று, மிக எளிமையானது: அவர்களுக்கு என்று ஓர் ஊர் இருந்தது. கோயிலும் குடியிருப்பும் ஒரே இடத்தில், சமூகத்தின் பொறுப்பில் இருந்தன.

இங்கிருந்து வண்டியேறி மாநிலத்தின் உட்பகுதிக்குப் போனால் ஆலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் வட்டாரங்கள் வரும். அங்கே இன்னொரு வகைத் தமிழர் வரலாறு நமக்குத் தெரிய வருகிறது. அவர்களும் மூன்று நான்கு தலைமுறை ஒரே இடத்தில் வாழ்ந்தவர்கள். கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள், பெரியவர்களை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்த வீடும் அவர்களுடையதல்ல. வீடு நின்ற நிலமும் அவர்களுடையதல்ல. தோட்டம் இருக்கும் வரை வீடு இருந்தது. தோட்டம் மூடப்பட்டபோது வீடும் கேள்விக்குறியானது.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் என்னென்ன விடைகள் தேடப்பட்டன, எந்த விடை எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதே இன்றைய உரையின் பொருள்.

மலாயாவில் வாணிக முறையில் ரப்பர் பயிரிடப்பட்டதன் தொடக்கமே மலாக்காவில்தான். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, ரப்பர் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு பயிரிட ஆள் தேடிக் கொண்டிருந்தார். அவர் பேச்சை நம்பி முதலில் முன்வந்தவர் மலாக்காவைச் சேர்ந்த சீன வணிகர் டான் சே யான். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் ரப்பர் நட்டார். அது தேறியதும் புக்கிட் அசகானில் பெரிய தோட்டமே திறந்தார். அதன் பிறகு மோட்டார் வண்டி பெருகியது, டயர் வேண்டியிருந்தது, ரப்பர் விலை ஏறியது, லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன.

காட்டை அழிக்கவும் மரத்தைச் சீவவும் ஆள் வேண்டுமே! தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கங்காணிகள் சென்றார்கள். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, கப்பல் செலவை ஏற்றுக் கொண்டது. ஆண்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு இந்த ஏற்பாட்டைத் தடை செய்யும் வரை ஆள் வரவு நிற்கவில்லை.

வந்தவர்களைத் தங்க வைக்கத் தோட்ட நிருவாகம் லயம் கட்டியது. வரிசையாக அறைகள், முன்னால் ஒரு தாழ்வாரம், பொதுக் குழாய். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் வேலை. லயம் அதற்கு நடக்கும் தூரத்தில் இருந்தது. ஆயாக் கொட்டகை, மருந்தகம், கள்ளுக்கடை, மளிகைக் கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடமும் வைத்தாக வேண்டும். இவ்வாறாகத் தோட்டம் என்பது ஒரு தனி உலகமாக அமைந்தது.

நேயர்களே, இந்த அமைப்பில் ஒரு வசதி இருந்தது. ஓர் ஆபத்தும் இருந்தது. வாடகை இல்லை என்பது வசதி. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன என்பது ஆபத்து. ஒரு தொழிலாளி வேலையிலிருந்து நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வயதாகி ஓய்வு பெற்றாலும் அதே நிலைதான். மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை பார்த்தால்தான் பெரியவர்கள் அந்த வீட்டில் இருக்கலாம். ஊரில் ஒருவர் வேலை இழந்தால் சம்பளத்தை மட்டும் இழப்பார். தோட்டத்தில் ஒருவர் வேலை இழந்தால் வீடு, பிள்ளைகளின் பள்ளி, கோயில், அண்டை அயல் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் இழப்பார். தோட்டம் நிலையாக இருந்த வரை இந்த ஆபத்து வெளியே தெரியவில்லை.

1950-களில் அது வெளிப்பட்டது. அப்போது நாடு சுதந்திரத்தை நோக்கிச் சென்று கொண்டிருந்தது. நாட்டில் அவசரகாலம் வேறு. புதிய ஆட்சியில் தங்கள் சொத்து என்ன ஆகுமோ என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில அஞ்சின. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. கொரியப் போர்க் காலத்தில் உச்சிக்குப் போன ரப்பர் விலை இறங்கிவிட்டது. பழைய மரங்களை வெட்டிப் புது மரம் நடப் பெரும் பணம் வேண்டும். அந்தச் செலவைச் செய்வதைவிடத் தோட்டத்தை விற்றுப் பணத்தை எடுத்துச் செல்வது மேல் என்று பலர் முடிவு செய்தார்கள்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் இடைத்தரகர்கள். அவர்கள் ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தை மொத்தமாக வாங்கிப் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று கூறு போட்டு விற்றார்கள். இதைத்தான் நாம் தோட்டத் துண்டாடல் என்று சொல்கிறோம். நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டம் என்ற வகைக்குள் வராது. ஆகவே தோட்ட முதலாளிக்கு உரிய கடமைகளும் அந்தச் சிறு நில உரிமையாளருக்கு இல்லாமற் போயின. வீடு கொடுக்க வேண்டியதில்லை. மருந்தகம் வைக்க வேண்டியதில்லை. ஆயாக் கொட்டகை வேண்டியதில்லை. குடும்பத்தாரை வைத்தே மரம் சீவிக் கொள்ளலாம். அல்லது குறைந்த கூலிக்கு ஓரிருவரை அமர்த்திக் கொள்ளலாம். நூறு குடும்பம் பிழைத்த இடத்தில் இருபது குடும்பம்கூடப் பிழைக்க முடியாத நிலை ஏற்பட்டது.

இந்தச் சிக்கலின் அளவு என்ன என்று அறிய அரசாங்கம் விரும்பியது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது. துண்டாடலால் உற்பத்தியும் குறைகிறது, தொழிலாளர் வாழ்வும் கெடுகிறது என்பதை அது எடுத்துக் காட்டியது. அறிக்கை வந்தது, ஆனால் உடனடியாகச் சட்டம் வரவில்லை. தொழிலாளர்கள் அதுவரை காத்திருக்க முடியுமா?

அவர்களுக்கு இரண்டு வழிகள் தென்பட்டன. ஒன்று போராட்டம், மற்றொன்று கூட்டுறவு.

1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகியிருந்தது. கூலி உயர்வுக்கும் ஈட்டுத் தொகைக்கும் அது பேரம் பேசியது. ஆனால் முதலாளியே தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது சங்கம் யாரிடம் பேரம் பேசும்? ஈட்டுத் தொகை கேட்கலாம். நிலத்தைக் கேட்க முடியாது.

இங்கேதான் துன் வீ. தி. சம்பந்தன் ஒரு புதிய வழியைக் காட்டினார். அவர் அப்போது மத்திய அமைச்சர். மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர். தோட்டத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால், தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது என்று அவர் கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது பெருந்தொகை. ஆகவே மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சம்பந்தனும் அவருடைய துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார்கள். 1961-இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அது சங்கத்தின் முதல் தோட்டம். பின்னர் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

இதன் அருமையை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூலிக்கு வந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர், ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை வைத்து, வெள்ளைக்காரக் கம்பெனி விற்ற நிலத்தைத் தங்கள் காசால் வாங்கினார்கள். துண்டாடப்பட இருந்த தோட்டங்கள் துண்டாடப்படாமல் நின்றன. வேலை நிலைத்தது. வேலை நிலைத்ததால் லயமும் நிலைத்தது.

ஆனால் வரலாற்றைப் பேசும்போது குறையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நாடு முழுவதும் துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் கூட்டுறவு வாங்கியது ஒரு பகுதிதான். மேலும், நிலம் சங்கத்தின் பெயரில் வந்ததே தவிர, குடியிருந்த வீடு தொழிலாளியின் பெயரில் வந்துவிடவில்லை. முதலாளி மாறினார், அவர் நல்ல முதலாளி. வீடு மட்டும் இன்னும் வேலையோடுதான் கட்டப்பட்டிருந்தது.

போராட்டத்தின் வழியை மலாக்கா மக்கள் மறக்க முடியாது. டான் சே யான் திறந்தார் என்று சொன்னேனே, அதே புக்கிட் அசகான் தோட்டத்தின் தொழிலாளர்கள், 1967-ஆம் ஆண்டில் தங்கள் தகராற்றுக்கு நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். நாட்டில் ரப்பர் வாணிகம் முதன்முதலாக வேர் பிடித்த மாநிலத்திலிருந்தே, அந்த வேருக்கு நீர் ஊற்றியவர்கள் தலைநகருக்கு நடந்து சென்று முறையிட வேண்டியிருந்தது.

இதற்குள் இன்னொரு துன்பமும் சேர்ந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள் பலர். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களின் வேலைக்கு ஆபத்து வந்தது. வேலை போனால் வீடு போகும் அல்லவா? ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால் தலைமுறைகளின் உழைப்பு கப்பல் ஏறியது.

இனிச் சட்டங்களைப் பார்ப்போம். சட்டம் என்றதும் சிலருக்கு அலுப்புத் தட்டும். ஆனால் எந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்று தெரிந்து கொள்ளாததால்தான் பலர் ஏமாந்தார்கள். ஆகவே பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

முதலாவது, 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம். இதன் இடத்தில் 1990-இல் விரிவான புதிய சட்டம் வந்தது. தொழிலாளிக்குக் கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும், சுகாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பவற்றை இச்சட்டம் சொல்கிறது. லயங்களின் தரம் உயர இது உதவியது. ஆனால் அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம், அது யாருக்குச் சொந்தம் என்பதற்கு இதில் விடை இல்லை.

இரண்டாவது, தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 1970-களின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 214-ஏ பிரிவு. 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்க வேண்டுமானால், தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அது விதித்தது. துண்டாடலுக்கு இது ஒரு தடை. உங்கு அசிஸ் எச்சரித்துப் பத்தாண்டுக்குப் பிறகாவது வந்ததே என்று மகிழலாம். ஆனால் இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போடாமல் முழுவதுமாக ஒரே கம்பெனிக்கு விற்றால், இந்தத் தடை குறுக்கே வராது.

மூன்றாவது, வேலைச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த வேலை நிறுத்தம், ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை விதிகள். ஓராண்டாவது வேலை செய்தவருக்கு இது பொருந்தும். இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட வேலைக்கு, ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை உள்ளவருக்கு, ஆண்டுக்கு 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 20 நாள். முன்னறிவிப்புக் காலமும் வேலைச் சட்டத்தில் உண்டு: வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து நான்கு, ஆறு, எட்டு வாரங்கள். தோட்டம் கைமாறினால் புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தருவதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், விற்றுவிட்டுப் போகும் பழைய முதலாளியும் புதிய உரிமையாளரும் ஈட்டுத்தொகைக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள்.

கணக்குக்காக ஒரு தொழிலாளியை எடுத்துக் கொள்வோம். அவர் 20 ஆண்டு வேலை செய்தவர். நாட்கூலி 10 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 20 நாள் வீதம் 20 ஆண்டுக்கு 400 நாள் சம்பளம்; அதாவது 4,000 வெள்ளி. நல்ல தொகைதான். ஆனால் அந்தத் தொகையைக் கொண்டு அவர் வெளியே ஒரு வீடு வாங்க முடியுமா? சில காலம் வாடகை கொடுக்கலாம், கடனை அடைக்கலாம். பணம் தீர்ந்த பிறகு தலைக்கு மேல் கூரை எங்கே?

இந்த மூன்று சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நம் அரசியலமைப்புப்படி தொழிலாளர் விவகாரம் மத்திய அரசின் பொறுப்பு. நிலமோ மாநில அரசின் பொறுப்பு. வேலை போனால் மத்திய அரசின் சட்டம் பணம் வாங்கித் தரும். நிலம் விற்கப்பட்டால் மாநிலத்தின் நில அலுவலகம் பதிவு செய்யும். வேலைக்கும் நிலத்துக்கும் நடுவே நிற்கிறது வீடு. அதை முழுப் பொறுப்பாக ஏற்க ஒரு சட்டமும் இல்லை. நேற்று வரை தோட்டத்துத் தொழிலாளி என்று அழைக்கப்பட்டவர், வேலை முடிந்த மறுநாள் அதே வீட்டில் அதே பாயில் படுத்திருக்கும்போதே புறம்போக்குவாசி ஆகிவிடுகிறார். அவர் ஓரடியும் நகரவில்லை. அவரைக் குறிக்கும் சொல்தான் நகர்ந்துவிட்டது.

1980-களுக்குப் பிறகு தோட்டங்கள் மூடப்பட்ட முறை மாறியது. 1981 செப்டம்பரில் கத்ரி கம்பெனியின் பங்குகளை லண்டன் சந்தையில் ஒரே காலையில் வாங்கி மலேசிய நிறுவனம் தன் வசப்படுத்தியது. பெருந்தோட்டங்கள் நாட்டின் உடைமையாயின. அது நாட்டுக்குப் பெருமையான செய்தி. ஆனால் லயத்தில் இருந்தவரின் நிலையில் அதனால் மாற்றமில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். குத்தகைக்காரர் வழியாக வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். பிறகு நகரங்கள் விரிந்தன. மலாக்கா நகரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. ஏக்கர்க் கணக்கில் மதிக்கப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் மதிக்கப்படத் தொடங்கியதும், அங்கே லயம் இருப்பது இடைஞ்சலாகத் தெரிந்தது.

தோட்டம் மூடப்பட்டபோது பள்ளிகளும் தவித்தன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். குறைந்தவற்றில் பல, தோட்டத்துச் சிறு பள்ளிகள். மக்கள் சிதறியதும் பிள்ளைகள் குறைந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளி மூடப்பட்டது. கோயில்களின் கதையும் அதுவே. பூசை நடந்த இடம் யாருடைய பெயரில் இருந்தது என்று எவரும் பார்த்து வைக்கவில்லை.

2009-ஆம் ஆண்டில் பினாங்குத் தீவில் கம்போங் புவா பாலா என்ற சிற்றூரின் வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. மாடு வளர்த்துப் பால் விற்று வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தன. அவர்களின் முன்னோர் வேலை பார்த்த நிலக்கிழாரின் குடும்பத்து நிலம் அது. அந்த இடம் தங்களுக்காகவே விட்டுச் செல்லப்பட்டது என்று மக்கள் நம்பினார்கள். நம்பிக்கை இருந்தது, பத்திரம் இல்லை. கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. நிலம் கைமாறியது. உயர்நீதிமன்றத்தில் மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது; கூட்டரசு நீதிமன்றமும் அவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆனால் அந்தப் போராட்டம் வீணாகவில்லை. உடன்பாட்டை ஏற்றுக் கொண்ட குடும்பங்களுக்கு இரட்டை மாடி வரிசை வீடுகள் கிடைத்தன. சட்டத்தில் தோற்றவர்கள், ஒன்றுபட்டு நின்றதால் வீட்டைப் பெற்றார்கள். இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டு: பத்திரமில்லாத நம்பிக்கை நீதிமன்றத்தில் நிற்காது, ஒற்றுமை நீதிமன்றத்துக்கு வெளியே நிற்கும்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று எண்ண வேண்டாம். பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே தொழிற்சாலையில் செய்து, வண்டியில் ஏற்றி வந்து, ஒரு மனையில் இறக்கி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. குறைந்த வருவாய் உள்ளவர்கள் அவற்றை வாங்குகிறார்கள். வீடு அவர்களுக்குச் சொந்தம். வீடு நிற்கும் மனையோ வாடகை. அந்த இடத்தின் உரிமையாளர், கடைத்தொகுதி கட்டுவதற்காக இடத்தை விற்றுவிட்டால், சொந்த வீட்டை வைத்துக் கொண்டே வீதிக்கு வர வேண்டும். நகர்த்தக் கூடிய வீடு என்று பெயர் இருந்தாலும், நகர்த்தும் செலவு அவர்கள் சக்திக்கு மிஞ்சியது; பழைய வீடானால் நகர்த்தும்போதே உடைந்து போகும்.

அங்குள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1984-இல் மெரிடித் என்ற ஊரில் இவ்வாறான குடியிருப்பு ஒன்றின் மக்கள், கூட்டுறவு அமைத்துக் கடன் பெற்று அந்த இடத்தையே வாங்கினார்கள். பின்னர் அதே வழியைப் பல குடியிருப்புகள் பின்பற்றின. அந்த மாநிலச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. இடத்தை விற்க விரும்பும் உரிமையாளர், குடியிருப்போருக்கு 60 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வாங்க முன்வந்தால் நல்ல மனத்தோடு பேச வேண்டும். வெளியாருக்கு விற்குமுன் உள்ளே இருப்பவருக்கு ஒரு வாய்ப்பு என்பதே இதன் சாரம்.

மெரிடித் மக்கள் கண்டறிந்த வழியை, அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே நம் பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிக் கண்டறிந்தார்கள் என்பதை எண்ணும்போது நமக்குப் பெருமை உண்டாகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே குடியிருப்போருக்குக் கால அவகாசம் தரும் சட்டம் துணைக்கு வந்தது. இங்கே கூட்டுறவு தோன்றியது. அதற்குத் துணையாக, தோட்டம் விற்பனைக்கு வரும்போது முதல் வாய்ப்பு தொழிலாளருக்கே என்று சொல்லும் சட்டம் வரவில்லை.

இலங்கை மலையகத்திலும் இதே வரலாறுதான். தேயிலைத் தோட்ட லயன்களில் பிறந்தவர்கள், லயனிலேயே மூத்தார்கள். 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகும் வீட்டுரிமை வரவில்லை. 2015-க்குப் பிறகுதான் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் உறுதிப் பத்திரமும் என்ற கொள்கை வலுப்பெற்றது. அது இன்னும் எல்லாக் குடும்பங்களையும் சென்றடையவில்லை. ஆனால் கோரிக்கையின் வடிவத்தைப் பாருங்கள்: சம்பளம் என்று மட்டும் கேட்கவில்லை, வீடு என்று மட்டும் கேட்கவில்லை, நிலத்தோடு கூடிய வீடு, பத்திரத்தோடு கூடிய நிலம் என்று கேட்டார்கள்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? ஈட்டுத்தொகை வேண்டும், அது கைச்செலவுக்கு. வீட்டுத் தரச் சட்டம் வேண்டும். அது உடல் நலத்துக்கு. முன்னறிவிப்பு வேண்டும், அது மூச்சு விடுவதற்கு. ஆனால் குடியிருப்பைக் காப்பது இவை எதுவும் அல்ல. குடியிருப்பைக் காப்பது நிலத்தின் மேல் உள்ள உரிமை. தோட்ட நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற வேண்டுமானால் மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுக்கும் வேளையில்தான், பழைய தொழிலாளருக்கு அதே நிலத்தில் வீடு கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்க முடியும். மேம்பாட்டாளர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நேரம் அது. கையெழுத்து விழுந்த பிறகு கெஞ்சுவதைவிட, விழுமுன் கேட்பது மேல்.

இன்றும் தோட்டத்தில் குடியிருக்கும் நேயர்கள் சிலர் இந்த உரையைக் கேட்கக் கூடும். அவர்களுக்குச் சில சொற்கள். வேலையில் சேர்ந்த நாளைக் காட்டும் தாள், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஈட்டுத்தொகை கணக்கிடும்போது அவைதான் பேசும். தோட்டம் விற்கப்படுகிறது என்ற பேச்சு காதில் விழுந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நில அலுவலகத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்காமல், குடியிருப்போர் குழு ஒன்று அமைத்து, ஒரே குரலில் பேசுங்கள். கோயிலும் பள்ளியும் நிற்கும் நிலத்தையும் பேச்சில் சேர்த்துக் கொள்ளுங்கள். வாய்ச்சொல் வாக்குறுதியை ஏற்காதீர்கள். எத்தனை வீடு, எந்த இடம், என்ன விலை, எந்த நாளுக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தெங்கேராவில் தொடங்கிய பேச்சைத் தெங்கேராவிலேயே முடிக்கிறேன். போர்த்துக்கீசியர் எழுப்பிய காப்பு வேலி இன்று இல்லை. மண்ணோடு மண்ணாகி நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் அதற்குப் பக்கத்தில் கம்போங் செட்டி நிற்கிறது. கோட்டையால் காக்க முடியாததை, காலூன்றிய ஓர் ஊர் காத்துக் கொண்டது. புக்கிட் லிந்தாங்கிலும் புக்கிட் அசகானிலும் பால்மரம் வளர்த்த மக்களுக்கும் அப்படி ஓர் ஊர் உரியது. அவர்கள் கேட்பது தர்மம் அல்ல. நூறாண்டு உழைப்புக்கு, நிற்கத் தங்களுக்கென்று ஓரடி நிலம் கேட்கிறார்கள். அதைப் பெறும் வழி அவர்களுடைய ஒற்றுமையிலும், நம் எல்லாருடைய நினைவிலும் இருக்கிறது.